ஸ்தோத்திர நோட்டில் என் பேர்

என்னைக் கேட்காமலே என்னைக் குணமாக்கிவிட்டார்கள் அக்கா. அதுவும் சபை நடுவில், மைக்கில், முந்நூறு பேர் கேட்க. அநியாயம் நடந்தது எனக்கு. பெயர் எப்சிபா, எம்.எஸ்ஸி. புள்ளியியல், இரண்டாம் வருஷம். அநியாயம் செய்தது யார் என்பதில்தான் கொஞ்சம் சிக்கல். மூன்று வாரமாக அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். ஃபைலைப் பார்த்துவிட்டு, "பரீட்சையாம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது, இல்லை என்று ஒரே வார்த்தையில் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த உரிமை இப்போது இல்லை. இருக்கிறது என்று சொன்னால் கர்த்தரைப் பொய்யராக்கினேன் என்பார்கள். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னதாக ஆகும். பஸ் திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, விவரமாகவே சொல்லிவிடுகிறேன். முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குக் கவலை என்பது வந்து போகிற விருந்தாளி. எனக்கு அது வீட்டோடு மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா, இட்லி சாப்பிட்டால் தொண்டையில் சிக்குமா, பம்பாயில் இருக்கிற அப்பா போன் எடுக்கவில்லையென்றால் அவர் கடை தீப்பிடித்துவிட்டதா. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் புள்ளியியலே எடுத்தேன். தெரிந்துவிட்டால் பயம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. தசமப் புள்ளியோடு பயப்பட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் எனக்கு வைவா. நாம் எழுதின ஆய்வைப் பற்றி வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். முப்பது வருஷ மழையைப் பற்றி என் ஆய்வு. நன்றாகவே செய்திருந்தேன், அதை நானே சொல்வேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், கை இரண்டும் மரத்துப் போயிருக்கிறது. நடுவில் இருந்த அரை மணி நேரத்துக்கு என்னிடம் தரவு எதுவும் இல்லை.

துறைத்தலைவி நல்ல மனுஷி. மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இன்னொரு தேதி தருகிறேன் என்றார். பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தார், சாப்பிடுகிறேன். அம்மா அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. கூடவே விண்ணப்ப நோட்டிலும் என் பேரைக் கொடுத்துவிட்டாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வருஷப் பாடம் இது. அம்மாவிடம் சொன்னேன். "கண்டுபிடிச்சு என்ன செய்யப் போற?" என்றாள்.

நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் ஊர் அடைக்கலவிளை. நூற்றைம்பது வீடு, ஒரு கோயில். சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். பாதிரியாரை ஐயர் என்போம். அவருக்கு அடுத்தபடி உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் இரண்டு நோட்டு கொண்டு வருவார். ஒன்று விண்ணப்ப நோட்டு. நோய், கடன், கல்யாணம் கூடாதது எல்லாம் அதில். இன்னொன்று ஸ்தோத்திர நோட்டு. நோய் போனது, கல்யாணம் கூடியது, அதற்கெல்லாம் நன்றி சொல்வது. நாம் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் நோட்டில் ஏற்றி வாசிப்பார். வாசித்ததும் சபை மொத்தமும் ஜெபிக்கும்.

எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தால் என்ன? மாட்டார். எல்லாவற்றையும் வேதாகமத் தமிழுக்கு உயர்த்திவிட்டுத்தான் வாசிப்பார். எதிர்வீட்டுச் சித்தி 'பல்வலி' என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தாள். "தந்தங்களின் வேதனையினாலே இராப்பகல் அங்கலாய்க்கிற எங்கள் சகோதரி" என்று வாசித்தார். யானைக்கு ஜெபிக்கிறோமோ என்று பார்த்தேன்.

ஏழு ஞாயிற்றுக்கிழமை என் பேர் வந்தது. "மன வியாகுலத்தினாலே பீடிக்கப்பட்டு, வித்தையைத் தொடரக்கூடாமல் இருக்கும் எங்கள் சகோதரி எப்சிபா." முந்நூறு தலை திரும்பும். நான் தரையைப் பார்ப்பேன். அதற்காக நான் சண்டை போடவில்லை. வியாகுலம் இருந்தது, பீடித்ததும் உண்மை. உண்மைக்கு எதிராக நான் வாதாடுவதில்லை.

எட்டாவது ஞாயிறு விண்ணப்ப நோட்டில் என் பேர் வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஸ்தோத்திர நோட்டைத் திறந்தார். "எங்கள் சகோதரி எப்சிபாவை சகல மனக்கலக்கத்திலிருந்தும் பூரணமாய் விடுதலையாக்கி, இரவில் இன்பமான நித்திரையைக் கட்டளையிட்ட கர்த்தருக்கு, தாயார் லில்லி புஷ்பம் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம்."

அந்த நிமிஷம் நான் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தேன் அக்கா. நூற்றுப் பன்னிரண்டு. தினமும் எண்ணி ஒரு நோட்டில் எழுதுவேன், தேதி போட்டு.

வெளியே வந்தால் கையைப் பிடிக்கிறார்கள், தலையில் கை வைக்கிறார்கள். பாடகர் குழு அக்கா ஒருத்தி, "அடுத்த வாரம் வாலிபப் பெண்கள் கூட்டத்துல சாட்சி சொல்லணும், அஞ்சு நிமிஷம் போதும்" என்கிறாள். என்ன சாட்சி? நூற்றுப் பன்னிரண்டா?

வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பிடித்தேன். அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, ஸ்தோத்திரச் சீட்டு குடுத்தியா?"

"குடுத்தேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"ஸ்தோத்திரம் சொல்லுததுக்கு யார்ட்ட கேக்கணும்?"

"பொய் எழுதிக் குடுக்கதுக்கு வேதத்துல எடம் இருக்கா?"

"நான் பொய் ஒண்ணும் எழுதலட்டி."

"மனக்கலக்கம் போச்சுன்னு எழுதலையா?"

"எழுதினேன்."

"ராத்திரி தூக்கம் வருதுன்னு?"

"எழுதினேன். வருதுல்லா. தட்டை எடு, சோறு ஆறுது."

ஒப்புதல் வாக்குமூலம் முழுசாகக் கிடைத்துவிட்டது. இதற்கு மேல் அவளிடம் கேட்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். குற்றவாளி ஒத்துக்கொண்ட பிறகு குறுக்கு விசாரணை எதற்கு?

என் வாதம் இதுதான், பொறுமையாகக் கேளுங்கள். யுனிவர்சிட்டியிலிருந்து அதற்கு முந்தின வாரம்தான் தேதி போட்டுக் கடிதம் வந்திருந்தது. ஜூன் பதினெட்டு, அதாவது இன்றைக்கு, பதினொரு மணிக்கு. மறுபடி அந்தக் கதவு, அந்த நாற்காலி. முன்பு ஓடினபோது ஓடினது நான் மட்டும். என் தோல்வி, என் பாடு. இப்போது கர்த்தர் பேரையும் சேர்த்து எழுதிவிட்டார்களே. நான் மறுபடி ஓடினால் அவரும் என்னோடு சேர்ந்துதானே ஓடுவார்? சபை முன்னால் அவர் குணமாக்கினார் என்று வாசித்தாகிவிட்டது. எனக்கே நிற்க முடியவில்லை, இதில் கடவுளுடைய மானத்தையும் நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் என்ன நியாயம்? ஆகவே பதினெட்டாம் தேதிக்குள் அந்த ஸ்தோத்திரத்தை வாபஸ் வாங்கியாக வேண்டும்.

மறுநாள் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரய்யா, எனக்குக் குணமாகலை."

"அப்படி வாயால சொல்லாத பிள்ளை."

"நீங்க வாசிக்கும்போது நாடி நூத்திப் பன்னெண்டு."

"கர்த்தருக்கு முன்னால நாடி என்ன, நரம்பு என்ன."

"சரி. பதினெட்டாம் தேதி நான் போயி, மறுபடியும் ஓடி வந்துட்டா, யாரு பொய் சொன்னதா ஆகும்? நானா, எங்கம்மாவா, நீங்களா, கர்த்தரா?"

ஆடு குழையைத் தின்றது.

"ஓட மாட்ட. விசுவாசம் வை."

"ஓடினா?"

"ஓடினா உனக்கு விசுவாசம் பத்தலைன்னு ஆகும்."

"அப்ப, நின்னா அவரு நிறுத்தினாரு. ஓடினா நான் ஓடினேன். அப்படித்தானே?"

"உங்கம்மா உன்னைப் பத்தாங்கிளாசோட நிறுத்தியிருக்கணும்," என்றார். வருத்தமாகத்தான் சொன்னார், கோபமாக இல்லை. வரும்போது முருங்கைக்காய் கொடுத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன், ஆனால் அதனால் வழக்கு பலவீனப்படாது.

அடுத்து சேகரக் குழுவுக்கு மனு. எங்கள் கோயில் நிர்வாகம் அவர்கள் கையில்தான். மூன்று பக்கம் எழுதினேன், காரணங்களுக்கு எண் போட்டு, பதினாலு காரணம். செயலாளர் வேதமாணிக்கம் மாமா. தலைமையாசிரியராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் தெருவில் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நடப்பான். புதன்கிழமை சாயந்தரம் மனுவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்தாள்.

"விதிப்படி விண்ணப்பத்தை ஸ்தோத்திரமா மாத்தலாம்," என்றார். "ஸ்தோத்திரத்தை விண்ணப்பமா மாத்த எடம் இல்லை."

"எந்த விதி?"

"அப்படி ஒரு விதி இல்லை. எடமும் இல்லை."

சரி, எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. எங்கள் வீட்டு வாசல் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்படிட்டி குணமாச்சு?"

"ஆகலைன்னுதான் மாமா மூணு பக்கம் எழுதியிருக்கேன்."

"அது கெடக்கட்டும். எப்படி ஆச்சு?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள் அக்கா. கோயில் சாவி அவர் கையில்தான். பூட்டுவார், வீட்டுக்கு வருவார். பூட்டினோமா என்று மறுபடி போவார். இழுத்துப் பார்ப்பார், வருவார். இழுத்ததில் திறந்துகொண்டதோ என்று மறுபடி போவார். போன வருஷம் பேத்தி ஞானஸ்நானத்துக்கு மதுரைக்குக் கிளம்பி, கோவில்பட்டி வரைக்கும் போய்விட்டு, பூட்டைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறார். அங்கே ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. மகள் இன்றைக்கு வரைக்கும் பேசுவதில்லை.

"பூட்டியிருந்துதா மாமா?"

"பூட்டித்தான் இருந்துது. எப்பவும் பூட்டித்தான் இருக்கும்."

"எத்தனை தடவை போயி பாத்திருப்பீங்க? ஒரு தடவையாவது திறந்து கெடந்துதா? அப்ப வாய்ப்பு—"

"எனக்குத் தெரியும்ட்டி. நான் கணக்கு வாத்தியான். தெரிஞ்சா போயிருமா?"

தாழ்ப்பாளைப் பார்த்தபடியே அவர் மேலே சொன்னார்.

"இத்தனை வருஷத்துல சர்க்கரைன்னு சீட்டு குடுப்பான், மூட்டுன்னு குடுப்பான், குடும்பச் சண்டைய கூட எழுதிக் குடுப்பான். பயமா இருக்குன்னு ஒருத்தன் எழுதினதில்ல. உன் பேரு ஒண்ணுதான் வந்துது. அதனால சொல்லுதேன், வாபஸ் வாங்காத. இந்தச் சேகரத்துல ஒரு ஆளாவது குணமாயிருக்கட்டும்."

எவ்வளவு பெரிய அக்கிரமம் பாருங்கள். நடக்காத குணத்தின் மேல் ஒரு வயசான மனுஷன் சாய்ந்து நிற்கிறார். நான் நகர்ந்தால் அவர் விழுவார். பதினைந்தாவது காரணமாக இதையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவர் பேரைச் சொல்லாமல் எழுத முடியாது, அதனால் விட்டுவிட்டேன்.

சரி, கீழ்க் கோர்ட்டில் எங்கேயும் நியாயம் கிடைக்கவில்லை, மேலேயே போகலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனேன். பெஞ்சு துடைக்கத் திறந்துவைத்திருந்தார்கள், ஆள் யாரும் இல்லை. எனக்குச் சரியாக ஜெபிக்க வராது. மற்றவர்கள் ஜெபிக்கும்போது கண்ணை மூடி நாடி எண்ணுகிறவள் நான். அதனால் ஜெபிக்கவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்து பேசினேன், அவ்வளவுதான்.

"உம்ம பேரைச் சொல்லி ஒரு பொய்யை வாசிச்சாங்க, நீர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீர்" என்று ஆரம்பித்தேன். "மறுப்பு ஒண்ணும் உம்ம பக்கத்திலருந்து வரலை. மௌனம் சம்மதம்னா நீரும் உடந்தை. குணமாக்க மனசு இருந்தா உண்மையிலேயே ஆக்கியிருக்கலாமே, நோட்டுல எதுக்கு ஆக்கணும்? கவலைப்படாதேன்னு சொல்லுதது ரொம்ப லேசு. வேதத்துல காக்காயையும் காட்டுப்பூவையும் காட்டி, அதுகளுக்குக் கவலை உண்டான்னு கேட்டுட்டீர். காக்காய்க்கு வைவா உண்டா? நான் என்ன, வேணும்னா பயப்படுதேன்? பதினெட்டாம் தேதி நான் ஓடினா உம்ம பேரும் போகும். எனக்கு அதைத் தூக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது."

முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். சின்ன வயதில் அப்பா பம்பாய்க்கு ரயில் ஏறினதிலிருந்து எல்லாம் வந்துவிட்டது. பதில் ஒன்றும் வரவில்லை. அதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் ஒன்று, குறுக்கே பேசவும் இல்லை. என்னை முழுசாகப் பேசவிட்ட ஒரே ஆள் அவர்தான். வீட்டில் "சாப்பிடு" என்பார்கள், கல்லூரியில் "நேரமாகிவிட்டது" என்பார்கள், உபதேசியார் முருங்கைக்காய் கொடுத்து அனுப்புவார். இவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

அன்றைக்கு நாடி எண்ண விட்டுப்போய்விட்டது. என் நோட்டில் அந்தத் தேதி காலியாக இருக்கிறது. அதற்கப்புறமும் நாலைந்து நாள் காலி. மனு வேலையில் மறந்துவிட்டேன். ஆய்வு செய்கிறவள் இப்படித் தரவை விடக்கூடாது, அது என் தப்புதான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேகரக் குழு கூடியது. கோயிலுக்குப் பக்கத்து அறை, டீ, காராச்சேவு. ஐயர் நடுவில். வேதமாணிக்கம் மாமா ஒரு பக்கம், உபதேசியார் ஒரு பக்கம், மற்ற நாலைந்து பெரியவர்கள் காராச்சேவு பக்கம். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் நின்றே பேசினேன். பதினாலு காரணமும் சொல்லி முடித்துவிட்டு, மூலச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். உபதேசியார் எல்லாச் சீட்டையும் ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பார். தேடி உருவிக் கொடுத்தார். ஐயர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ரெண்டு மாசமா இருந்த மனக்கலக்கம் போச்சு. ராத்திரி தூக்கம் வருது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்படிக்கு, எப்சிபா அம்மா."

எங்கள் ஊரில் பொம்பளைகள் அப்படித்தான் எழுதுவார்கள், பிள்ளை பேரைச் சொல்லி அம்மா என்று. லில்லி புஷ்பம் என்று கேட்டால் தபால்காரருக்கே தெரியாது. ஏழு வாரமாக எப்சிபாவுக்கு மனக்கலக்கம் என்று வாசித்துப் பழகியதால், இந்தச் சீட்டிலும் எப்சிபாவைப் பார்த்ததும் உபதேசியார் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஐயர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "யாருக்கும்மா கலக்கம் போச்சு?"

"எனக்குத்தான்யா," என்றாள் அம்மா.

காராச்சேவு பக்கம் சத்தம் நின்றது.

"உனக்கு என்ன கலக்கம்?" என்று கேட்டேன். அவளுக்கு எதற்குக் கவலை? அவள் அம்மா.

அவள் என்னைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்த்துச் சொன்னாள். "தேதி போட்டு லெட்டர் வந்துதுல்லா, அன்னைக்குப் பகல்ல இவா குளியலறைக்குள்ள போயி தாழ் போட்டுக்கிட்டா. ரெண்டு மணிக்குப் போனவா. தட்டினா பேச மாட்டேங்கா. மூச்சு மட்டும் இரைக்கு. கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன். ரெண்டு மாசமா நானுந்தான் தூங்கலை. இவா எந்திரிச்சா எந்திரிச்சு, இவா படுத்தா மூச்சு வருதான்னு பாத்து. அன்னைக்கு ஒரேயடியா அலுத்துட்டுய்யா. ஆண்டவரே, இவளைத் தூக்கிப் பிடிச்சு எனக்குக் கை கடுக்கு. இனி முடியாது. நீரே பிடிச்சுக்கிடும். கீழ போட்டாலும் உம்ம பாடுன்னு சொன்னேன். சொல்லிட்டு அங்கனயே தரையில சாஞ்சேன். தூங்கிட்டேன். பால்காரர் வந்து எழுப்பினாரு."

"நான் உள்ள மூச்சு முட்டிக்கிட்டு கெடக்கேன், நீ வெளிய தூங்கினியா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும். நல்ல தூக்கம்."

ஐயருக்கு இருமல் வந்துவிட்டது. சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், நிரூபிக்க முடியாது.

"மூணு வாரமா ஏன் சொல்லலை?"

"நீ எங்கட்டி கேட்ட? நீயே கேள்வி கேட்ட, நீயே பதில் சொல்லிக்கிட்ட. அதுவும் சண்டை போட ஆரம்பிச்ச பொறவு மூணு தோசை சாப்பிட்ட. அதை ஏன் கெடுக்கணும்னு சும்மா இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உபதேசியாரைப் பார்த்தேன். "அப்ப, ஸ்தோத்திர நோட்டுல இருக்கது அம்மா பேரு. விண்ணப்ப நோட்டுல என் பேரு இருக்கா?"

அவர் இரண்டு நோட்டையும் புரட்டினார். குணமாகிவிட்டதாக நினைத்து அதில் அடித்துவிட்டிருந்தார். ஆக, மூன்று வாரமாக இரண்டு நோட்டிலும் நான் இல்லை. எனக்காக இந்தச் சபையில் ஒரு ஆள் ஜெபிக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் நான் தோசை சாப்பிட்டேன், தூங்கினேன். இதை எடுத்துச் சொன்னால் கோபம் வருகிறது அவர்களுக்கு.

"முந்தி ஏழு வாரம் ஜெபிச்சதுதான் இப்ப வேலை செய்யுது," என்றார் உபதேசியார். "டாக்டர் மாத்திரை அப்படித்தானே, உள்ள போயி மெதுவாத்தானே கேக்கும்?"

திருத்தம் வாசிப்பது என்று குழு முடிவு செய்தது. எப்போது? அடுத்த ஞாயிறு. பதினெட்டாம் தேதிக்கு அப்புறம். அதுவரைக்கும் ஊரைப் பொறுத்தமட்டில் நான் பூரணமாய் விடுதலையானவள்தான். இதற்குப் பெயர் நியாயமா?

வெளியே வந்தபோது வேதமாணிக்கம் மாமா என்னைத் தாண்டிப் போய் அம்மா பக்கத்தில் நின்றார். "அப்ப உங்களுக்குத்தான் குணமானதா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மாவுக்கு விஷயம் எப்படித் தெரியுமோ, நான் சொல்லவில்லை. "அண்ணாச்சி, உள்ள இருக்கது நாலு பெஞ்சு, உபதேசியாரு மைக்கு," என்றாள். "திருடன் வந்து அந்த மைக்கைத் தூக்கிட்டுப் போனாலும் நமக்கு நல்லதுதான். கதவுட்ட நின்னு, ஆண்டவரே உம்ம வீடு, நீரே பாத்துக்கிடும்னு சொல்லிட்டு வாங்க. திரும்பப் போகத் தோணினா போங்க. அதுக்கு ஒண்ணும் அவரு கோவிச்சுக்கிட மாட்டாரு." அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஞாயிறு சாயந்தரம் இரண்டு தடவைதான் போனாராம். எனக்கு அதில் கருத்து இல்லை. ஒரு நாள் தரவை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பயம் இருக்கிறது. கை இப்படிச் சில்லென்று இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். நான் குணமாகவில்லை, தயவுசெய்து நீங்களாவது அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு முன்னால் போய் நிற்கும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார்க்கலாமென்றால், போன வாரத்திலிருந்து அதற்கும் கை ஓடவில்லை.

காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் அம்மா வந்தாள். இந்த முறுக்குப் பொட்டலமும் அவள் கொடுத்ததுதான். உபதேசியாரிடம் கேட்டேன், செயலாளரிடம் கேட்டேன், குழுவிடம் எழுதியே கேட்டேன், மேலேயும் கேட்டுவிட்டேன். யாரும் என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. அவள் ஒருத்தியிடம்தான் அதைக் கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்புகிறது, அப்போது கேட்டேன்.

"எம்மா, இன்னைக்கும் நான் ஓடி வந்துட்டா? உன் ஸ்தோத்திரம், கர்த்தர் பேரு, எல்லாம் என்னம்மா ஆகும்?"

அவள் என் துப்பட்டாவை இழுத்துச் சரி செய்தாள்.

"அவரு பேரைப் பத்தி நீ ஏன்ட்டி கவலைப்படுத? நம்மள மாதிரி ஆளுகளை வச்சுக்கிட்டு அவரு பேரு கெடாத நாளே கெடையாது, அவருக்கு அது பழகிப் போச்சு. இன்னைக்கு மத்தியானம் சாளை மீன் குழம்பு வைக்கப் போறேன். நீ உள்ள போயி பதில் சொல்லிட்டு வந்தாலும் அதே குழம்புதான், ஓடி வந்தாலும் அதே குழம்புதான். ஏறு, பஸ் வந்துட்டு."